கார்ட் வாங்க முதல் அளந்து பாருங்கள்

பரீட்சை முடிந்து லீவு விட்டால் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "வாப்பா, கேம் இழுக்குது, புது கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வேணும்." வாப்பாவுக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது. கடையில் கேட்டால் அங்கேயும் கார்ட் என்றுதான் சொல்வார்கள். காசு கட்டிய பிறகும் சில வீடுகளில் கேம் பழையபடி இழுக்கிறது.

எனது கருத்து இதுதான்: எந்தப் பாகம் பிந்துகிறது என்று அளந்து காட்டாத பிள்ளைக்குப் புதுப் பாகம் வாங்கிக் கொடுக்காதீர்கள். கேமைத் தடுக்க இதைச் சொல்லவில்லை. அளக்க ஒரு சதமும் செலவில்லை, அரை மணித்தியாலம் போதும் என்பதால் சொல்கிறேன்.

பெற்றோருக்கு விளங்கும்படி சொல்வதானால், ஒரு கொத்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார், மற்றவர் கொத்துகிறார். ரொட்டி பிந்தினால் கொத்துபவர் சும்மா நிற்பார். கொத்துபவர் பிந்தினால் ரொட்டி குவியும். கம்பியூட்டரில் புரொசசர்தான் ரொட்டி சுடுபவர். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்து, வரைய வேண்டியதை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. கார்ட் அதை வரைகிறது. ரொட்டி வராத கடைக்கு இன்னொரு கெட்டிக்காரக் கொத்துக்காரரைக் கொண்டுவந்து என்ன பயன்?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் உம்மாவின் சீட்டுக் காசு இப்படித்தான் போனது. பழைய நான்கு கோர் புரொசசருக்குப் பெரிய கார்ட் ஒன்றை வாங்கிப் பூட்டினார்கள். மகன் விளையாடிய கேமில் எப்.பி.எஸ். ஏறவே இல்லை. கார்ட் பாதி நேரம் சும்மா இருந்தது. வாங்க முதல் யாராவது அளந்திருந்தால் அந்தக் காசு வீட்டிலேயே இருந்திருக்கும்.

எப்படி அளப்பது? தம்பிமார் கவனியுங்கள்.

முதலில், கேமின் செட்டிங்ஸில் வி-சிங்கையும் எப்.பி.எஸ். எல்லையையும் நிறுத்துங்கள். அவை இருந்தால் இரண்டு பாகங்களும் வேண்டுமென்றே மெதுவாக ஓடும், அளவு பிழைக்கும். பிறகு எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, விளையாடும்போதே கார்டின் பாவனை வீதம் திரையில் தெரியச் செய்யுங்கள். அது 95க்கு மேல் நின்றால் கார்ட் முழுமூச்சாக வேலை செய்கிறது, எல்லை அங்கேதான். 60, 70 என்று கிடந்து கேமும் இழுத்தால், கார்ட் எதற்கோ காத்திருக்கிறது. பெரும்பாலும் அது புரொசசர்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "புரொசசர் 30 வீதம்தானே காட்டுது, அதில் பிழையில்லை" என்று பலர் சொல்கிறார்கள். எட்டு திரெட் உள்ள புரொசசரில் ஒன்று மட்டும் முழுதாக ஓடினால் மொத்தத்தில் 12.5 வீதம்தான் காட்டும். பல கேம்களின் முக்கிய வேலை ஓரிரு திரெட்டில்தான் நடக்கிறது. ஆகவே மொத்தத்தைப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

உறுதிப்படுத்த இன்னொரு பரிசோதனை. ரெசலூஷனை 1920×1080இல் இருந்து 1280×720க்குக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்கும். எப்.பி.எஸ். நன்றாக ஏறினால் தடை கார்டில் இருந்தது. ஏறாவிட்டால் தடை புரொசசர் பக்கம். அப்போது புதுக் கார்ட் வாங்கினாலும் அதே எப்.பி.எஸ்.தான் கிடைக்கும்.

காசு கேட்காத காரணங்களையும் பாருங்கள். மொனிட்டர் வயரை கார்டில் குத்தாமல் மதர்போர்டில் குத்தியிருந்தால், வாங்கிய கார்ட் சும்மா கிடக்கும். ரேம் ஒரு குச்சி மட்டும் இருந்தால் புரொசசருக்குத் தரவு மெதுவாகவே வரும். எங்கள் ஊர்ச் சூட்டில் விசிறியில் தூசு அடைத்து, பேஸ்ட்டும் காய்ந்துவிட்டால், சூடு கூடியதும் பாகங்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மொனிட்டர் 60 ஹேர்ட்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு 60 படத்துக்கு மேல் அது காட்டாது. 200 எப்.பி.எஸ். எடுக்கக் காசு கொட்ட முதல் மொனிட்டரைப் பாருங்கள்.

இரண்டு பாகங்களின் பெயரைப் போட்டால் "பொட்டில்நெக் இத்தனை வீதம்" என்று சொல்லும் இணையத்தளங்களை நம்பிப் பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள். என்ன கேம், என்ன ரெசலூஷன் என்பதற்கேற்ப, ஒரே கம்பியூட்டரில் தடை இடம் மாறும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2ஐக் குறைந்த செட்டிங்ஸில் ஆடினால் புரொசசர் முட்டும். சைபர்பங்க் 2077ஐ உயர்ந்த செட்டிங்ஸில் ஆடினால் கார்ட் முட்டும். இதை ஒரே இலக்கத்தில் எப்படிச் சொல்வது?

இன்னொன்று, தடையே இல்லாத கம்பியூட்டர் கிடையாது. ஏதாவது ஒன்று முதலில் எல்லையைத் தொடத்தான் செய்யும். கார்ட் 97 வீதத்தில் நின்று கேம் இழுக்காமல் ஓடினால், அங்கே திருத்த ஒன்றுமில்லை. இழுத்தால் முதலில் நிழல் போன்ற செட்டிங்ஸைக் குறையுங்கள். தடை புரொசசரில் என்றால் தூரக் காட்சியையும் சனக்கூட்டத்தையும் குறைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் புரொசசர் மாற்றத்தான் வேண்டும் என்றால், மதர்போர்டும் ரேமும் சேர்ந்து மாற வேண்டி வருமா என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கார்ட் கேட்டு வரும் பிள்ளையிடம் "அளந்து பார்த்தியா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அன்றைக்கு ஒரு விற்பனை குறையலாம். ஆனால் அந்த வாப்பா அடுத்த சாமானுக்கும் உங்களிடம்தான் வருவார்.

பெற்றோரே, மகன் கார்ட் கேட்டால் ஆம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். ஒரு தாளைக் கொடுங்கள். கேமின் பெயர், இரண்டு ரெசலூஷனிலும் எப்.பி.எஸ்., கார்டின் வீதம், சூடு ஆகியவற்றை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். விஞ்ஞான பாடத்தில் நாங்கள் கற்பிக்கும் அளவீடும் முடிவும் இதுதான். அந்தத் தாள் கார்ட்தான் தேவை என்று காட்டினால் சந்தோஷமாக வாங்கிக் கொடுங்கள்.