பழம்பொருள் அறிவோம்: பந்தயச் சைக்கிளின் ரிம்

பிற மாநில நகரங்களில் வாழும் நம்மவர் வீடு மாற்றும்போது, பரணிலுள்ள பொருள்களே முதலில் பழைய இரும்புக் கடைக்குச் செல்கின்றன. தந்தையாரோ பாட்டனாரோ இளமையில் ஓட்டிய பந்தயச் சைக்கிளின் சக்கரமும் அவற்றுள் இருக்கக்கூடும். எடைக்குப் போடுமுன் அதன் வயதை அறிய முயல்வது நன்று.

முதலில் ரிம்மின் வடிவைக் காண்க. டயரைப் பற்றும் உதடுகளின்றி, மேற்புறம் ஆழமற்ற குழிவாக இருப்பின், அது பசையிட்டு ஒட்டும் ட்யூபுலர் டயருக்குரியது. பந்தயத்திற்கென்றே பெரிதும் பயன்பட்டது. கொக்கிபோல் உள்வளைந்த உதடுகளையுடைய குறுகிய அலுமினிய ரிம்கள் பெருகியது 1970களின் நடுப்பகுதிக்குப் பின்னரே.

அடுத்து ஆரக்கம்பித் துளைகளை எண்ணுக. முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கம். பிரான்சிலும் இத்தாலியிலும் இரண்டிலும் 36 என்பதே பெருவழக்கு. ஆயினும் நம் நாட்டுச் சாதாரணச் சைக்கிள்களிலும் 32, 40 உண்டு. ஆதலின் எண்ணிக்கை ஒன்றையே கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

நிறமும் ஏமாற்றும். 1934ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்ற அந்தோனென் மாஞ், மாவிக் நிறுவனத்தின் துராலுமின் ரிம்களுக்கு மரநிறம் பூசி ஓட்டினார் என்பர். எனவே கையிலெடுத்து எடையையும் காண்க.

ஆண்டைத் தேடுவோர் நடுவிலுள்ள ஹப்பையும் நோக்குக. பழைய காம்பக்னோலோ ஹப்கள் பலவற்றின் லாக்நட்டில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 67 எனில் 1967. ஆனால் அது ஹப்பின் ஆண்டேயன்றி ரிம்மின் ஆண்டன்று. அடிபட்ட ரிம்மை நீக்கிப் பழைய ஹப்பிலேயே புதியதைக் கோப்பது வழக்கமாதலின், ரிம் இளையதாக இருக்கலாம்.

இவை யாவற்றினும் முதன்மையானது ரிம்மில் ஒட்டிய சீட்டு. இத்தாலியின் ஃபியாமே ரிம்களைச் சிவப்புச் சீட்டு, மஞ்சள் சீட்டு என்றே வகைப்படுத்துவர். சீட்டு அழிந்தால் சான்றும் அழியும். ஆகவே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: பித்தளைக் குடத்தைப்போல் இதனைப் புளியிட்டுத் தேய்க்கற்க, எஃகு நாரும் கூடாது. ஈரத்துணியால் மெல்ல ஒற்றித் துடைத்தலே போதும். பளபளக்கும் புத்தம்புதிய சீட்டாயின் ஐயுறுக. பழைய சீட்டுகளின் படிகளை இக்காலத்தில் அச்சிட்டு விற்கின்றனர்.

இறுதியாக ஒன்று. ஓட்டியவர் யார், எவ்வூரில் ஓட்டினார் என்பதை எந்தக் குறியும் உரைக்காது. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஓர் அட்டையிலெழுதி ஆரக்கம்பியில் கட்டி வையுங்கள்.