மன்னிப்பு எழுதிய கை

2003 ஜூலை. நான் அஞ்சாவது படிச்சேன். எங்க பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தை டெஸ்மா சட்டத்தால் நசுக்கினார் ஜெயலலிதா. ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களும் ஆசிரியர்களும் விசாரணையே இல்லாமல் நீக்கப்பட்டார்கள். ஆகஸ்டு 6-ல் உச்ச நீதிமன்றமோ, வேலைநிறுத்தம் செய்யத் தார்மீக உரிமைகூடக் கிடையாது என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. (பேங்க்காரன் எனக்கு ஸ்டிரைக்குன்னா ஒருநாள் சம்பளத்தோடு போச்சு.)

அப்படி எழுதிக் கொடுத்துத் திரும்பிய எங்க வாத்தியார் அன்னைக்கே செய்த முதல் வேலை, காலனிப் பசங்க நாலு பேரைக் கூப்பிட்டுக் கக்கூஸ் கழுவச் சொன்னது. அதில் நான் ஒருத்தன்.

2019 ஜனவரியில் மறுபடி வேலைநிறுத்தம். பழைய ஓய்வூதியம் கேட்டார்கள். பள்ளிகளை இணைக்காதே என்றார்கள். நியாயம்தான். கடலூரில் என் கவுண்ட்டருக்கே அதே வாத்தியார் போராட்ட நிதிக்கு வந்தார். குடுத்தேன். "கோரிக்கையில் கக்கூஸ் எத்தனாவது சார்?" என்றேன்.

"அதெல்லாம் லோக்கல் பிரச்சினை தம்பி."

தோழர்களே, 1916-ல் சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளி தொடங்கியதும் இந்த லோக்கல் பிரச்சினைக்காகத்தான். 2023 பட்ஜெட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு சேர்ப்பதாக அரசு அறிவித்தது. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் துடைப்பம் யார் கையில்? சங்கத்தை உடைக்கச் சொல்லவில்லை. 2003-ல் அவர்களை நசுக்கிய அதே அரசுதான் நம்மையும் நசுக்குகிறது. கடலூர், சிதம்பரம் கிளைக் கூட்டங்களுக்குப் போங்கள். பிள்ளைகளை ஏவும் உறுப்பினரைச் சங்கம் காப்பாற்றாது என்று தீர்மானம் கேளுங்கள். நிதியை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.