பாதிரியார் வீட்டைப் பிரிக்கலாமா?

இங்கிலாந்தின் பழைய கிராமங்களில் தேவாலயத்தை ஒட்டி ஒரு பெரிய வீடு இருக்கும். விகாரேஜ் அல்லது ரெக்டரி என்று பெயர். நம்மூர் சி.எஸ்.ஐ. சபைகளில் குருமனை என்பார்களே, அதேதான். பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாமல் இங்கிலாந்துத் திருச்சபை இவற்றில் பலவற்றை இருபதாம் நூற்றாண்டில் விற்றுவிட்டது. அவற்றில் சில இன்று ஃப்ளாட்டுகள். "பாரம்பரியம் போச்சே" என்று சிலர் புலம்புகிறார்கள். "இடிக்காமல் விட்டார்களே" என்று சிலர் திருப்திப்படுகிறார்கள்.

பிரிப்பது தப்பில்லை. எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

1776-ல் வந்த கில்பர்ட் சட்டம், பாதிரியார்கள் தங்கள் பதவியின் வருமானத்தை ஈடுகாட்டிக் கடன் வாங்கி வீடு கட்ட வழி செய்தது. விக்டோரியா காலத்தில் இந்த வீடுகளுக்கென்றே ஓர் அமைப்பு பழக்கமானது. சபை மக்கள் வந்து பேச வாசல் பக்கம் படிப்பறை. உள்ளே குடும்பம். பின்னால் சமையலறை, வேலைக்காரர்களுக்குத் தனி மாடிப்படி. பிரிஸ்டல் அருகே கோல்பிட் ஹீத்தில் வில்லியம் பட்டர்ஃபீல்ட் 1840-களில் கட்டிய விகாரேஜைப் பாருங்கள். ஜன்னல்கள் அழகுக்காக வரிசை கட்டி நிற்காது. உள்ளே அறைக்கு எங்கே தேவையோ அங்கே இருக்கும்.

அதாவது, உள்ளே இருப்பதுதான் வெளியே தெரிகிறது. முன்கூடத்தையும் மாடிப்படியையும் சுவர் வைத்து அறுத்துவிட்டு, வெளிச்சுவரை மட்டும் காப்பாற்றினால் மிஞ்சுவது வெறும் முகமூடி! அதற்குப் பதில், பின்கட்டு ஒரு ஃப்ளாட், முன்கட்டு ஒரு ஃப்ளாட் என்று பழைய கோட்டிலேயே பிரித்தால் வீடும் பிழைக்கும், குடும்பங்களும் குடியிருக்கும்.

ஆனால் வரிக் கணக்கு வேறு மாதிரி பேசுகிறது. பிரிட்டனில் பழைய வீட்டைப் பழுதுபார்த்தால் பொதுவாக 20 சதவீதம் வாட் வரி. ஒரே வீட்டைப் பல ஃப்ளாட்டுகளாக மாற்றும் வேலைக்கு 5 சதவீதம்தான். புது வீடு கட்டினால் பூஜ்யம்! பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடுகளில் அனுமதியோடு செய்யும் மாற்றங்களுக்கு இருந்த பூஜ்ய வரியும் 2012-ல் போய்விட்டது. ஒழுகும் கூரையைச் சரிசெய்ய அதிக வரி, வீட்டைக் கூறுபோடக் குறைந்த வரி என்றால் லாபம் பார்க்கிறவர் எதைச் செய்வார்?

பழுதுபார்க்கும் வேலைக்கும் 5 சதவீதமே போதும் என்று அரசு முடிவெடுக்கலாம். பட்டியலில் உள்ள வீட்டின் உட்புறத்தில் கைவைக்கவும் உள்ளூர் கவுன்சிலின் அனுமதி தேவை. அந்த அதிகாரத்தை மாடிப்படிக்காகவும் பயன்படுத்தலாம். அதன்பிறகும் பிரித்தால்தான் வீடு நிற்கும் என்றால் தாராளமாகப் பிரிக்கட்டும். அந்த முடிவை வீட்டின் நிலைமை எடுக்க வேண்டும். வரி விகிதம் எடுக்கலாமா?