காணி உறுதியில் எழுதாத உரிமை

1990 மே மாதம் லண்டனின் கிரீனிச் உள்ளூராட்சித் தேர்தலில் புதிதாக ஒரு கட்சி களமிறங்கியது. வரியைக் குறைப்போம், வீதி போடுவோம் என்று அது எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. சார்ல்டன் அத்லெற்றிக் என்ற உதைபந்தாட்டக் கழகம் தன் பழைய மைதானத்துக்குத் திரும்ப அனுமதி கொடுங்கள் என்பது ஒன்றே அதன் கோரிக்கை. மைதானத்தின் பெயர் ‘வேலி’. கட்சிக்கும் அதே பெயர். ஆசனம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் 14,838 பேர் வாக்களித்தார்கள். அனுமதி மறுத்த திட்டமிடற் குழுவின் தலைவர் தன் ஆசனத்தை இழந்தார்.

சார்ல்டன் 1919 முதல் அந்த மைதானத்தில் ஆடி வந்தது. 1985 மே மாதம் பிராட்போர்டில் மரத்தாலான பழைய பார்வையாளர் மண்டபம் தீப்பிடித்து 56 பேர் மாண்டார்கள். அதன்பின் அதிகாரிகள் ‘வேலி’யின் கிழக்குப் பக்கப் படிகளை மூடினார்கள். மறுபக்கம், காணியின் ஒரு பகுதி கழகத்தின் முன்னாள் தலைவருடைய கையில் இருந்தது, அதிலும் தகராறு. செப்டெம்பரில் கழகம் இன்னொரு கழகத்தின் மைதானத்துக்கு வாடகைக்குக் குடிபோனது. ரசிகர்களுக்கு இந்தச் செய்தி ஒரு துண்டுப்பிரசுரமாக வந்து சேர்ந்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அவர்கள் விடவுமில்லை. பற்றை மண்டிக் கிடந்த மைதானத்தில் தாங்களே இறங்கித் துப்புரவாக்கினார்கள், தேர்தலில் நின்றார்கள், பணம் சேர்த்தார்கள். 1992 டிசம்பர் 5 அன்று கழகம் வீடு திரும்பியது.

மட்டக்களப்பில் இருந்து இதைப் படிக்கும்போது அந்தத் தேர்தல் நடந்த ஆண்டு கண்ணில் குத்துகிறது. 1990 ஜூனில் இங்கே மீண்டும் போர் மூண்டது. ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 15 அன்று, புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணிகளை உருவாக்கிய அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையில் இருந்து நகருக்குத் திரும்பும் வழியில் காணாமற் போனார். செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கிரீனிச் மக்கள் ஒரு மைதானத்துக்காக வாக்களித்துக்கொண்டிருந்த ஆண்டில் இங்கே ஊர்களே இடம்பெயர்ந்துகொண்டிருந்தன.

இந்தப் பின்னணியில் மைதானத்துக்காகச் சண்டை பிடிப்பது சொகுசாகத் தோன்றலாம். ஆனால் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த சனத்துக்குத்தான் ஒன்று நன்றாகத் தெரியும்: காணி உறுதி தொலைந்தாலும் உரிமை தொலைவதில்லை. எங்கே ஆடினோம், எங்கே கூடினோம், எந்த மரத்தடியில் வள்ளம் கட்டினோம் என்ற பழக்கமே பாதி ஊர்களின் எல்லைக்கல். உதைபந்தாட்ட ரசிகர்களின் கோரிக்கையும் அதே வகையைச் சேர்ந்ததுதான். பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் நாற்பது, ஐம்பது வருடங்களாக அந்தப் படிகளில் நின்றவர்கள் அவர்கள்.

மட்டக்களப்பு நகரின் பெரிய மைதானம் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹரல்ட் ஜோன் வெபர், அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸில் பிறந்த யேசுசபைத் துறவி. 1940களின் பிற்பகுதியில் இங்கே வந்து, 1873 இல் தொடங்கப்பட்ட புனித மிக்கேல் கல்லூரியில் மாணவரை ஓடவும் பாயவும் பந்தடிக்கவும் பழக்கியவர். நகருக்கு முறையான விளையாட்டரங்கு ஒன்று வேண்டுமென்று முன்னின்று உழைத்தவர். மாநகரசபை மைதானமாக இருந்த அது பின்னர் அவர் பெயரைப் பெற்றது. கடல் கடந்து வந்த ஒருவரின் பெயரை, சொத்தோ வாரிசோ இல்லாத ஒருவரின் பெயரை, ஒரு ஊர் தன் பொதுக்காணிக்கு வைத்தது. கட்டிய பணம் யாருடையது என்பதை விட, அந்த மண்ணில் யார் உழைத்தார் என்பதையே ஊர் கணக்கில் எடுத்தது.

‘எங்கட கட்சி’ என்று ஒரு பக்கம் நிற்பதை இந்த ஊர் உதைபந்தாட்டத்திடம் கற்றுக்கொள்ளவில்லை. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகள் இரண்டைக் கொளுவி, வடம் பூட்டி, இரு பகுதியும் இழுக்கும். ஒரு கொம்பு முறிந்ததும் வென்றவர்கள் தோற்றவர்களை வசைபாடிப் பரிகசிப்பார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே அம்மனின் வாசலில் கூடுவார்கள். பண்டிதர் வி.சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழக’த்தில் இந்த மரபுகளைப் பதிந்து வைத்தார். எந்தச் சேரி என்பதை எவரும் யோசித்துத் தெரிவதில்லை. குடும்ப வழியாக வருவது. போட்டிக்குப் பிறகு இரு பகுதியும் சேர்ந்து நிற்க ஒரு பொது வெளி வேண்டும் என்பதையும் அந்த மரபு அறிந்திருந்தது.

இனிப் புலம்பெயர்ந்தவர்கள் வாழும் தெருவுக்குப் போவோம். லண்டனின் ஈஸ்ட்ஹாம், மனோர் பார்க் பக்கம் ஈழத்தமிழர் கடைகளும் கோயில்களும் நெருங்கிய பகுதி. அதையடுத்த அப்ரன் பார்க்கில், கிறீன் வீதியோரம், வெஸ்ட்ஹாம் கழகம் 1904 முதல் ஆடி வந்தது. சுமார் 35,000 பேர் கொள்ளும் மைதானம். 2016 மே 10 அன்று மன்செஸ்டர் யுனைட்டட்டை 3–2 என்று வென்றதோடு அங்கே ஆட்டம் முடிந்தது. கழகம் 2012 ஒலிம்பிக் அரங்குக்கு 99 வருடக் குத்தகையில் மாறியது. பழைய மைதானம் இடிக்கப்பட்டு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன.

ரசிகர்கள் அப்போதும் இரண்டு பட்டார்கள். பெரிய அரங்கு, கூடுதல் வருமானம், நல்ல வீரர்கள் என்றது ஒரு பகுதி. ஓட்டப்பாதைக்காகக் கட்டிய அரங்கில் பந்து எங்கேயோ தூரத்தில் உருளும், தெருவோடும் கடையோடும் இருந்த உறவு அறும் என்றது மறுபகுதி. இரண்டு பகுதியும் சொன்னது நடந்தது. 2018 மார்ச்சில் பேர்ன்லியுடனான ஆட்டத்தின் நடுவே ரசிகர்கள் களத்துக்குள் புகுந்து, உரிமையாளர்கள் அமர்ந்திருந்த இடத்துக்குக் கீழே நின்று கூச்சலிட்டார்கள். 2023 இல் அதே கழகம் ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றை வென்றது. 1980 இற்குப் பிறகு கிடைத்த முதற் பெரிய கிண்ணம் அது. ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பியிருந்த கிறீன் வீதி வியாபாரிகளின் கணக்கு எந்தக் கிண்ணத்திலும் பொறிக்கப்படவில்லை. இடமாற்றத்தின் இலாபம் கழகத்துக்குப் போனது. நட்டம் அயலுக்கு வந்தது. அந்த அயல், முடிவெடுத்த மேசையில் இருக்கவில்லை.

பழையது எல்லாம் புனிதம் என்று நாம் சொல்லவில்லை. பிராட்போர்டில் எரிந்ததும் ரசிகர்கள் நேசித்த பழைய மண்டபந்தான். 1980 ஓகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். படிக்கட்டும் வாசலும் சரியில்லாத இடத்தில் பிள்ளைகளை நிறுத்திவிட்டு மரபு பேசுவது பொறுப்பான செயல் அல்ல.

அதே கொல்கத்தா ஒரு நடுவழியையும் காட்டியது. 1984 இல் சோல்ட்லேக் அரங்கு திறக்கப்பட்டதும் பெரிய ஆட்டங்கள் அங்கே போயின. 1997 இல் அந்த இரு கழகங்களும் மோதிய ஆட்டத்துக்கு 1,31,000 பேர் வந்ததாகக் கணக்கு. ஆனால் நகரின் நடுவேயுள்ள மைதான் வெளியில் கழகங்களின் பழைய களங்களும் ‘டென்ற்’ என்று அழைக்கப்படும் கூடங்களும் அப்படியே இருந்தன. அந்த வெளி கழகங்களுடைய சொத்துமல்ல. இராணுவத்தின் பொறுப்பில் உள்ள நிலம். விற்க முடியாத நிலம் என்பதாலேயே அது தப்பியது. ஆட்டம் பெரிய வீட்டுக்குப் போனது. முற்றம் பழைய இடத்தில் நின்றது.

விற்கக்கூடியதாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஆர்ஜென்ரீனாவின் சான் லொரென்சோ கழகம் சாட்சி. பியூனஸ் அயர்ஸின் போய்தோ பகுதியில் 1916 முதல் இருந்த அதன் அரங்கில் 1979 டிசம்பரில் கடைசி ஆட்டம் நடந்தது. இராணுவ ஆட்சிக் காலம்; கடன் ஒரு பக்கம், அரசின் நெருக்கடி ஒரு பக்கம். நிலம் கைமாறி, அங்கே கடைசியில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பல்பொருள் அங்காடி எழும்பியது. கழகம் வேறிடத்தில் புதிய அரங்கு கட்டிக்கொண்டது. ரசிகர்களோ பழைய நிலத்தை மறக்கவில்லை. அவர்களின் நீண்ட போராட்டத்தின் பின் 2012 நவம்பரில் நகர சட்டசபை, அந்த நிலத்தைக் கழகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வழிசெய்து சட்டம் நிறைவேற்றியது. நிலத்தை வாங்க ரசிகர்கள் சதுர மீற்றர் கணக்கில் பணம் கட்டினார்கள். ஒரு கையெழுத்தில் போனது. திரும்பி வர முப்பது வருடங்களுக்கு மேல் எடுத்தது.

ரசிகர்களைக் கேட்டு முடிவெடுத்த இடமும் உண்டு. லிவர்பூலின் எவர்ட்டன் கழகம், நகர எல்லைக்கு வெளியே கேர்க்பியில் புதிய அரங்கு கட்டலாமா என்று 2007 இல் வாக்கெடுப்பு நடத்தியது. ஆம் என்றவர்கள் சுமார் 59 சதவீதம். வென்ற பிறகும் பிளவு ஆறவில்லை. 2009 இல் அரசாங்கம் அந்தத் திட்டத்தையே நிராகரித்தது. கடைசியில் கழகம் நகருக்குள்ளேயே, ஆற்றங்கரைத் துறைமுகத்தில், புதிய அரங்கு கட்டியது. 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம் 2025 மே 18 அன்று நடந்தது. அந்த மாதமே, அதை இடிக்கப்போவதில்லை, பெண்கள் அணிக்குக் கொடுக்கப்போகிறோம் என்று கழகம் அறிவித்தது. எத்தனை ஆயிரம் ஆசனங்கள் என்ற விவாதம் வருடக்கணக்கில் நடந்தது. ஊரின் மனதைத் தணித்ததோ பழைய மைதானத்தைப் பற்றிய அந்த ஒரு முடிவுதான்.

நமது நிலத்துக்கு வருவோம். இங்கே பெரும்பாலான கழகங்களுக்குச் சொந்த மைதானம் என்று ஒன்று இல்லை. பாடசாலை மைதானம், பிரதேசசபை மைதானம், கோயில் வெளி, கடற்கரை மணல் என்று கிடைத்த இடத்தில் சுற்றுப்போட்டி நடக்கிறது. ஆகவே ஒரு மைதானம் போனால் ஒரு கழகம் மட்டும் வீடிழப்பதில்லை. மாலையில் ஓட வரும் பெடியன்கள், பாடசாலைப் போட்டி, ஊர்க்கூட்டம், வெள்ளத்தில் ஏறி நிற்க ஒரு மேட்டு நிலம், எல்லாம் சேர்ந்து போகும். நகரின் பழைய நடு, வாவி சூழ்ந்த புளியந்தீவு. அங்கே நிலம் வளராது. ஒருமுறை கட்டடம் எழும்பிய பொதுவெளியை மறுபடி வெளியாக்கியதை நாம் கண்டதில்லை.

“ஊருக்கு வெளியே வெறுங்காணி கிடக்கிறதே” என்பது எல்லா இடத்திலும் சொல்லப்படும் வாதம். வாவிக்கரையில் வெறுங்காணி என்பது பெரும்பாலும் தண்ணீரின் காணி. 2011 ஜனவரி வெள்ளம் அதைக் காட்டித் தந்தது. 2025 செப்டெம்பர் 1 அன்று யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெற் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வேலையைத் தொடக்கி வைத்தபோது மகிழ்ச்சியும் எழுந்தது, ஈரநிலத்தைப் பற்றிய கவலையும் எழுந்தது. இரண்டுமே நியாயமானவை. வடக்குக் கிழக்குப் பிள்ளைகளுக்கு நல்ல அரங்கு வேண்டும். அதற்கு விலையாகக் கண்ணாக்காடும் வெள்ளம் வடியும் வழியும் போகக்கூடாது.

இடமாற்றத்துக்குச் சாதகமான நம்மூர் வாதம் ஒன்றையும் மறைக்கக்கூடாது. நகர மைதானம் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு அருகில். மேற்குக் கரையான படுவான்கரைக்கு எப்போதும் தூரம். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்குக் காத்திருந்து வாவியைக் கடந்தவர்கள், பழைய மைதானத்தின் நினைவில் தங்களுக்குப் பங்கு குறைவு என்று சொன்னால் அது உண்மை. நகரத்தாரின் ஏக்கம் படுவான்கரைப் பிள்ளையின் வாய்ப்பை மறிக்கக்கூடாது. அங்கே நல்ல புல்தரையும் விளக்கும் உடைமாற்றும் அறையும் உள்ள மைதானம் எழட்டும். ஆனால் அது இருக்கும் ஒன்றோடு கூட்டப்படும் இரண்டாவதாக இருக்க வேண்டும். முதலாவதை விற்ற காசில் எழக்கூடாது.

எனவே இந்த மாவட்டத்தில் யார் புதிய மைதானம் பற்றிப் பேச வந்தாலும், படத்தைக் காட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். பழைய நிலம் எந்தப் பொதுச்சபையின் பெயரில், என்ன பயன்பாட்டுக்கு நிலைக்கும்? புதிய இடத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்தெந்த ஊர்களுக்கு? முடிவெடுக்கும் கூட்டத்தில் கழகங்களும் ரசிகர்களும் அயற்கடைக்காரரும் எத்தனை வாக்குகளோடு அமர்வார்கள்? கிரீனிச்சில் இந்தக் கேள்விகளைக் கேட்க மக்கள் ஒரு கட்சியே தொடங்க வேண்டியிருந்தது. நமக்கு மாநகரசபையும் பிரதேசசபைகளும் இருக்கின்றன. அவற்றின் அடுத்த கூட்ட நிகழ்ச்சிநிரலிலேயே இவற்றைச் சேர்க்கலாம்.