ஊர் சுத்தினது இருக்கட்டும்... தனியா டாக்டர்கிட்ட போனியா அக்கா?

நம் எல்லோருடைய குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு ஃபாரின் ஜோடி இருக்கும். மாதம் ஒருமுறை அவர்களிடமிருந்து போட்டோ வரும். பின்னால் பனி மலை, முன்னால் ஒரே நிறத்தில் ஜெர்க்கின் போட்ட இரண்டு பேர். கீழே பெரியப்பா ஒரு கும்பிடு போடுவார். சித்தி ஐந்து ஹார்ட்டின் அனுப்புவார். யாராவது ஒரு மாமா 'எந்த ஊர் இது?' என்று கேட்பார். அவ்வளவுதான். அடுத்த போட்டோ வரும்வரை அந்த இரண்டு பேரும் அங்கே எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் குரூப்பில் அந்த ஜோடி, என் பெரியம்மா மகளும் அவர் கணவரும். சொந்த ஊர் பாளையங்கோட்டை. இப்போது இருப்பது ஜெர்மனியின் மியூனிக் நகரில். அத்தானுக்கு சாஃப்ட்வேர் வேலை. அக்கா இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். 'சுற்றுலாவை விட்டுட்டு மத்ததையெல்லாம் சொல்லுங்க' என்று இந்த வாரப் பத்திக்காக இருவரிடமும் கேட்டேன். பேர் போடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

பெட்டியில் பேர் இல்லை

ஜெர்மனியில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதன்பிறகு அரசு, வங்கி, மருத்துவக் காப்பீடு என்று எல்லோரும் பேசுவது பெரும்பாலும் தபாலில்தான். அங்கே பல அடுக்குமாடிகளில் நம் ஊர்போல 'மூன்றாவது மாடி, எஃப்-2' என்றெல்லாம் கிடையாது. வாசலில் உள்ள பெட்டியில் எந்தப் பேர் ஒட்டியிருக்கிறதோ, அந்தப் பேருக்குத்தான் கடிதம் விழும்.

அத்தான் முன்னாலேயே போய் வீடு பிடித்துவிட்டார். பெட்டியில் அவர் பாஸ்போர்ட்டில் உள்ள கடைசிப் பேரை, அதாவது அவருடைய அப்பா பேரை, ஒட்டிவைத்தார். அக்காவின் பாஸ்போர்ட்டில் இருப்பது என் பெரியப்பா பேர். தபால்காரரைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. மொழி வகுப்பிலிருந்து அக்காவுக்கு வந்த கடிதம் அப்படியே திரும்பிப் போனது. ஒரு மாதம் காத்திருந்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

"ஸ்டிக்கர் ஒட்ட அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. ஆனா, அந்த ஒரு மாசமும் நான் அந்த ஊர்ல இல்லவே இல்லையோன்னு தோணிட்டு" என்றார் அக்கா.

இதுதான் விஷயம். கணவனும் மனைவியும் ஒரே விமானத்தில் போனாலும் ஒரே ஊரில் இறங்குவதில்லை. வேலைக்குப் போகிறவருக்கு ஆபீஸ் ஒரு ஊரைக் கையில் கொடுத்துவிடுகிறது. இங்கிலீஷில் பேசும் டீம், சாப்பாட்டு நேரத்துக் கூட்டாளிகள், 'இந்த லெட்டர்ல என்ன போட்டிருக்கு?' என்று கேட்க ஒரு பக்கத்து சீட்காரர் என எல்லாமும் அதில் வந்துவிடும். கூடப் போகிறவரோ அந்த ஊரை ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துவைத்துத் தானே கட்ட வேண்டும்.

நாலரை மணிக்கே இருட்டு

டிசம்பரில் மியூனிக்கில் மாலை நாலரைக்கே சூரியன் போய்விடும். காலையில் வெளிச்சம் வர எட்டு மணியாகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பால், காய்கறி வாங்கி வைக்காவிட்டால் மறுநாள் திண்டாட்டம்தான். காலி கண்ணாடி பாட்டிலைப் போடுவதற்கென்று தெருவில் தனித் தொட்டி இருக்கிறது. ஆனால், ஞாயிறு அன்றும் இரவிலும் அதில் போடக் கூடாது, சத்தம் வரும். இட்லி மாவு அரைப்பதாக இருந்தாலும் இரவு பத்து மணிக்கு முன்னால் மிக்ஸியை நிறுத்திவிட வேண்டும். அரைத்த மாவும் அந்தக் குளிரில் லேசில் புளிக்காது. அவனுக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பாராம் அக்கா.

இதெல்லாம் பெரிய கஷ்டமா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால், காலை எட்டரைக்கு அத்தான் கிளம்பியதிலிருந்து மாலை ஆறு மணிவரை பேச ஆளில்லாமல் இருப்பது கஷ்டம். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். குளிர்காலத்தில் அது நாலரை ஆகிவிடும். அவர்கள் ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டுக் கூப்பிடும்போது பாளையங்கோட்டையில் பெரியம்மா தூங்கியிருப்பார்.

கூடப் போன லக்கேஜ்

ஊர் சுற்றுவதற்கு அங்கே வசதிக்குக் குறைவில்லை. நாடு முழுக்க உள்ளூர் பஸ், மெட்ரோ, சாதாரண ரயில்களில் ஏறி இறங்க ஒரே மாதாந்திர டிக்கெட் உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தார்கள். 2025-ல் 58 ஆனது, இப்போது 63. அதிவேக ரயில்களில் மட்டும் செல்லாது. அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டே எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை சாதாரண ரயிலில் போய்வரலாம். மொஸார்ட் பிறந்த ஊர். ஜெர்மனியின் குடியிருப்பு அனுமதி கையில் இருந்தால், ஷெங்கன் பகுதியில் உள்ள மற்ற நாடுகளுக்கும் விசா இல்லாமல் போகலாம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்வரை தங்கலாம். ஜெர்மனியையும் சேர்த்து மொத்தம் 29 நாடுகள். லண்டன் அதில் வராது, அதற்குத் தனி விசா.

இருவரும் நிறையச் சுற்றினார்கள். ஆனால், அக்கா சொன்ன ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. "டிக்கெட் அவர் போன்ல. போர்டு வாசிக்கிறது அவர். ஹோட்டல்ல ஆர்டர் பண்றது அவர். ரெண்டு வருஷமா நான் கூடப் போன லக்கேஜ் மாதிரிதான் இருந்தேன்."

அந்த எண்ணம் மாறியதும் ஒரு பயணத்தில்தான். ஜெர்மனியின் வடமேற்கே ஹாம் என்ற ஊரில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. இலங்கையில் போர் தொடங்கிய பிறகு அகதிகளாகப் போன ஈழத் தமிழர்கள் எழுப்பியது. 2002-ல் குடமுழுக்கு நடந்தது. கோடைத் தொடக்கத்தில் தேர் ஓடும்போது ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் தமிழர்கள் கூடுவார்கள். மியூனிக்கிலிருந்து அதிவேக ரயிலில் போனாலே பாதி நாள் ஆகிவிடும். அங்கே அன்னதான வரிசையில் ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சி அக்காவிடம் பேச்சுக்கொடுத்திருக்கிறார். "நாங்கள் வரேக்க ஒரு சொல்லும் தெரியாது பிள்ளை. பஸ் நம்பரைக் கையில எழுதிக்கொண்டுதான் போனனாங்கள். தனிய போனாத்தான் பாஷை வரும்."

இத்தனைக்கும் அந்த ஆச்சிக்கு அப்போது திரும்பிப் போக ஊரும் இல்லை, மொழிபெயர்த்துச் சொல்ல போனும் இல்லை.

போட்டோ இல்லாத பயணம்

அடுத்த மாதம் அக்காவுக்குப் பல்வலி. அத்தான் லீவு போடுகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். நோட்டில் நான்கு வாக்கியங்களை ஜெர்மனில் எழுதிக்கொண்டு, மெட்ரோவில் ஆறு ஸ்டேஷன் போய், வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பேரைச் சொல்லி, காப்பீட்டு அட்டையைக் கொடுத்து, பல்லைக் காட்டிவிட்டு வந்தார். நான்கில் மூன்று வாக்கியங்களைத்தான் சொல்ல முடிந்ததாம். அதனாலென்ன? 29 நாட்டுக்கும் இல்லாத சந்தோஷம் அந்த ஆறு ஸ்டேஷனில் இருந்தது என்கிறார். குரூப்புக்கு அந்தப் போட்டோ வரவில்லை. எடுக்கவும் இல்லை.

பிறகு மொழி வகுப்பை முடித்தார். புதிதாக வருகிறவர்களுக்கென்று அரசு நடத்தும் அந்தப் படிப்பில், வழக்கமாக மொழிக்கு 600 பாடவேளை, நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள 100 பாடவேளை. டீச்சர் வேலை மட்டும் கிடைக்கவில்லை. அங்கே பள்ளி ஆசிரியர் என்றால் பொதுவாக இரண்டு பாடம் நடத்தத் தகுதி வேண்டும், அக்காவிடம் இருப்பது கணக்கு மட்டும். இப்போது ஒரு மழலையர் காப்பகத்தில் உதவியாளராக இருக்கிறார். சம்பளம் குறைவு. 'டீச்சர்' என்று யாரும் கூப்பிடுவதில்லை என்பதும் உறுத்துகிறது. இன்னொரு பாடம் படிக்கலாமா என்ற யோசனை ஓடுகிறது, முடிவாகவில்லை.

அத்தானுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. "எல்லா லெட்டரும், எல்லா போன் காலும் நான்தான் பார்க்கணும்னு இருந்தப்போ, நான் அவளுக்கு உதவி பண்றேன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் அதுல மாட்டிக்கிட்டோம்னு அப்புறம்தான் புரிஞ்சுது" என்கிறார்.

மாப்பிள்ளை பார்க்கும்போதே கேளுங்கள்

வெளிநாட்டு வரன் என்றால் சம்பளம் கேட்கிறோம், சொந்த வீடா என்று கேட்கிறோம். பெண் அங்கே வேலைக்குப் போக சட்டம் இடம் தருமா என்று கேட்பவர்கள் குறைவு. இது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 'ப்ளூ கார்டு' வைத்திருப்பவரின் துணை, போன நாளிலிருந்தே எந்த வேலைக்கும் போகலாம். அமெரிக்காவில் ஹெச்-1பி விசாக்காரரின் துணையாக ஹெச்-4 விசாவில் போனால் உடனே முடியாது. கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான், 2015-ல் வந்த விதிப்படி, அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். சிங்கப்பூரில் துணைவர் அனுமதியில் இருப்பவர் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர வேண்டுமானால், 2021 மே முதல் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிளம்புகிற ஜோடிகளுக்கு அக்கா சொல்வது மூன்றுதான். விமானம் ஏறும் முன்பே அந்த ஊர் மொழியை இருவரும் கொஞ்சமாவது படியுங்கள். வங்கிக் கணக்கிலும் வாடகை ஒப்பந்தத்திலும் கடிதப் பெட்டியிலும் இருவர் பேரும் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு வேலையையாவது தனியாகப் போய் முடித்துவிட்டு வாருங்கள்.

ஊரில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை வீடியோ காலில் வரும்போது, 'எங்கெல்லாம் சுத்திப் பார்த்தீங்க?' என்பதோடு நிறுத்த வேண்டாம். 'இந்த வாரம் யார்கிட்ட பேசினே?' என்றும் கேளுங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகலாம். போனை வைத்துவிடாமல் காத்திருங்கள்.