நூலக ஆர்டரும் நாமும்

தமிழில் புத்தகம் விற்பதில்லை என்று புலம்புவது நம் வட்டத்தில் ஒரு சடங்காகிவிட்டது. பிரசுரகர்த்தர் வாசகனைக் குறை சொல்கிறார், ஆசிரியன் பிரசுரகர்த்தரை, வாசகன் விலையை. எல்லோரும் தொடத் தயங்கும் இடம் ஒன்று உண்டு: நூலக ஆர்டர்.

1948இன் மதராஸ் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். எஸ். ஆர். ரங்கநாதனின் கனவு அதற்குப் பின்னால் இருந்தது. சொத்துவரியோடு நூலக வரியும் வசூலிக்க அது வழி செய்தது. நான் வேலை பார்க்கும் ஓசூரில், சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவன் தரும் வாடகைக்குள் வீட்டுக்காரர் கட்டும் நூலக வரியும் அடங்கியிருக்கிறது. அவன் வீட்டில் பேசுவது தமிழாக இருக்கலாம், கன்னடமாகவோ தெலுங்காகவோ இருக்கலாம். நூலகப் படியே ஏறாதவனும் நூலகத்துக்குப் பணம் கொடுக்கிறவன்தான். எந்தப் புத்தகம் வேண்டும் என்று அவனைக் கேட்கும் வழக்கம்தான் நம்மிடம் வளரவில்லை.

விளைவு என்ன? 1970, 80களில் ஒரு புத்தகம் 1200 பிரதி அச்சாவது வழக்கம். கணிசமான பகுதியை நூலகம் வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் அது அச்சகத்துக்கே போயிற்று. 16 பக்கம் ஒரு ஃபாரம்; ஃபாரத்துக்கு இவ்வளவு என்று விலை. ஃபாரத்துக்குக் காசு என்றால் ஃபாரம் பெருகத்தான் செய்யும். கவிதைத் தொகுப்பு நஷ்டக் கணக்கு. பொது அறிவுக் களஞ்சியம் லாபக் கணக்கு. வாங்குகிறவன் ஒருவனே என்றான பிறகு, விற்கிறவனுக்குப் படிக்கிறவன் எதற்கு?

ஆசிரியன் கதி இன்னும் மோசம். வங்கியில் 50 ரூபாய் போடுகிறவருக்கும் நான் பாஸ்புக்கில் பதிந்து தருகிறேன். அது சலுகை அல்ல, அவர் உரிமை. தன் புத்தகம் எத்தனை பிரதி அச்சாயிற்று, நூலகங்களுக்கு எத்தனை போயிற்று என்று அறிந்த தமிழ் எழுத்தாளர்கள் எத்தனை பேர்? ராயல்டி கேட்பவன் பேராசைக்காரன், கேட்காதவன் இலக்கியவாதி என்று நாமே ஒரு ஒழுக்கத்தைக் கட்டி வைத்திருக்கிறோம். 1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்தோடு சாகித்ய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள்; 30 சதவிகிதம் ராயல்டி கொடுத்தார்கள். மலையாள வாசகன் வானத்திலிருந்து குதித்தவனல்ல. இரவல் போகும் புத்தகத்துக்காக ஆசிரியனுக்குப் பணம் தர டென்மார்க் 1946இலும் பிரிட்டன் 1979இலும் சட்டம் செய்தன. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. நாம் கேட்கவும் இல்லை.

2024இல் தமிழக அரசு வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் வாங்குவதில் ஒழுங்கு வந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் எந்தப் புத்தகம் எத்தனை முறை இரவல் போயிற்று என்ற கணக்கு பகிரங்கமாகட்டும்; அந்தக் கணக்குப்படி நூலக வரியில் ஒரு பங்கு ஆசிரியனுக்குச் சேரட்டும். அப்படியானால் தொடர்கதைகள்தான் ஜெயிக்கும் என்று நண்பர்கள் பயப்படுகிறார்கள். ஜெயிக்கட்டும். நம் கவிஞனை ஓசூரில் 10 பேர் எடுத்துப் போனார்கள் என்று தெரிவது, 600 அலமாரிகளில் அவன் பிரிபடாமல் கிடப்பதைவிட மேல். கிடப்பதையே பிரசுரம் என்று எண்ணுகிறவர்கள் பதில் எழுதட்டும்.