கழுத்தெலும்பும் அரை மில்லிமீட்டரும்

மனிதனின் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் அமைந்துள்ளன. தலையைத் தாங்குவதும், மூளையினின்று இறங்கும் தண்டுவடத்தைக் காப்பதும் இவற்றின் பணிகளாகும். மரத்திலிருந்து விழுந்து இவ்வெலும்புகள் முறியுமாயின், கைகால்கள் செயலற்றுப் போவதோடு உயிருக்கே ஊறு நேரலாம். தென்னையும் ரப்பரும் மலிந்த பெருங்கடவிளை, பாறசாலை முதலிய எல்லைப்புற ஊர்களில் இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று.

முறிந்த எலும்புகளை அசையாமல் நிறுத்த, அறுவை மருத்துவர்கள் உலோகத் திருகாணிகளைப் பொருத்துகின்றனர். முள்ளெலும்பின் முன்பகுதியையும் பின்வளைவையும் இணைக்கும் சிறு காம்பின் வழியே திருகாணியைச் செலுத்தினால் பிடிப்பு மிக உறுதியாக அமையும். நடுக் கழுத்திலும் கீழ்க் கழுத்திலும் இம்முறையைக் கையாண்ட விவரத்தை 1994-இல் ஜப்பானிய மருத்துவர் அபூமி வெளியிட்டார். அதே ஆண்டில் மும்பையைச் சேர்ந்த டாக்டர் அதுல் கோயல், தம் துணையாசிரியருடன், கழுத்தின் முதலிரு எலும்புகளைத் தகட்டாலும் திருகாணியாலும் பிணைக்கும் முறையை வெளியிட்டார். எனவே, இத்துறையில் நம் நாட்டின் திறமை பின்தங்கியதன்று.

ஆயினும், அக்காம்பின் உட்புறத்தில் தண்டுவடமும், வெளிப்புறத்தில் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனியும் இருக்கின்றன. மூன்றாம், நான்காம் எலும்புகளில் காம்பின் அகலம் சராசரியாக 5 மி.மீ. அளவினதே. பெண்களிடத்தில் அது பொதுவாக இன்னும் குறுகியது. பெரும்பாலும் வழங்கும் திருகாணியின் விட்டம் 3.5 மி.மீ. ஆகும். காம்பு 5 மி.மீ. அகலமாயின் இருபுறமும் முக்கால் மில்லிமீட்டர் எஞ்சும், 4 மி.மீ. அகலமாயின் கால் மில்லிமீட்டரே எஞ்சும். சராசரியை நம்பிச் செலுத்தும் கைக்கு இந்த அரை மில்லிமீட்டர் வேறுபாடு தெரியாது. சராசரி என்பது பலருக்குரிய எண். மேசைமீது கிடப்பவரோ ஒருவர்.

இவ்விடத்தில்தான் ஸ்கேன் துணைபுரிகிறது. 1971-இல் ஹௌன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியால் லண்டனில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. இன்று கழுத்தை மெல்லிய படலங்களாகப் படமெடுத்து, காம்பின் சாய்விற்கேற்ப அதன் அகலத்தையும், திருகாணி செல்ல வேண்டிய கோணத்தையும் கணிப்பொறியில் அளந்து விடலாம். காம்பு குறுகியதாயின், எலும்பின் பக்கத் திரட்சியில் திருகாணியைப் பொருத்தும் மாற்று வழியும் உண்டு.

ஆதலின், காம்பின் அகலம், கோணம், தேர்ந்த திருகாணியின் விட்டம் ஆகிய மூன்றையும் அறுவைக்கு முன்னரே அறிக்கையில் எழுதுவதை எல்லா மருத்துவமனைகளும் வழக்கமாக்க வேண்டும் என்பது எமது கருத்து. ‘எலும்பின் அளவு இயல்பானது’ என்ற சொற்றொடரை எம்மொழியில் பெயர்த்தாலும் அது எதையும் அறிவிப்பதில்லை, ‘4.2 மி.மீ.’ என்பதற்கோ மொழிபெயர்ப்பே தேவையில்லை. மலையாளமும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில் இதன் பயன் பெரிது. அறுவைக்குப் பின்னும், திருகாணி எலும்பைக் கடந்துள்ளதா, கடந்திருப்பின் 2 மி.மீ.க்கு உட்பட்டதா, 4 மி.மீ. வரையிலா, அதற்கும் மேலா என்று தரம் பிரிக்கும் முறை உள்ளது. முன்னளவு இருந்தால்தான் இப்பின்னளவு பாடமாகும்.

செலவும் கதிர்வீச்சும் பெருகுமே எனச் சிலர் ஐயுறலாம். முன்னளவுக்குப் புதிய படம் வேண்டியதில்லை. எடுத்த படத்திலேயே அளக்கலாம். இரண்டாம் படம் தேவையா என்பதை நோயாளியின் நிலை கண்டு மருத்துவர் முடிவு செய்யட்டும்.

களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. மரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைக்கவோ, தோளில் சுமக்கவோ கூடாது. தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கி, 108 ஊர்தியை அழைத்து, வரும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்துமாறு குடும்பத்தார்க்குச் சொல்லுங்கள். அறுவைக்கு முன், “காம்பின் அகலம் எவ்வளவு?” என்று மருத்துவரிடம் பணிவுடன் கேட்கவும் சொல்லிக் கொடுங்கள். கேட்கப்படும் அளவே எழுதப்படும் அளவாகும்.